வாதத்தைக் குறைத்த வக்கீல்

நீதிமன்ற வளாகத்தில் அந்த வக்கீலுக்கு ‘ஆட்சேபணை’ என்று பட்டப்பெயர். குழம்பில் உப்புக் குறைச்சல் என்று மனைவி சொன்னால்கூட, எதை வைத்துச் சொல்கிறாய் என்று குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவார். இருபத்தாறு வருடம் வாயை வைத்தே வண்டி ஓட்டியவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் மக்கர் செய்தது. எழுந்தால் மளுக், உட்கார்ந்தால் மளுக். “அந்தக் கதவுக்கு யாராவது எண்ணெய் போடுங்கப்பா” என்று நீதிபதியே ஒருநாள் வாசலில் நின்ற டவாலியிடம் சொல்லிவிட்டார்.

வைத்தியரிடம் போனார். அவர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார்.

“வாதம், பித்தம், கபம்னு மூணும் அதது அளவுல நின்னாத்தான் ஒடம்பு. உங்களுக்குப் பித்தம் சரி, கபம் சரி. வாதம்தான் எக்கச்சக்கம்.”

“அதான் ஊருக்கே தெரியுமே,” என்றார் வக்கீல், பெருமையாக. “அதுதானுங்க என் பொழப்பு.”

“பொழப்பு கெடக்கட்டும். வாதத்தக் கொறைக்கலேன்னா கால் மடங்காது,” என்று ஒரு தைலப் புட்டியைக் கையில் திணித்து, வைத்தியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வக்கீல் அரண்டுபோனார். பேசப் பேசக் கால் போகும் என்று யார் கண்டது? அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டு. புட்டியைப் பையில் போட்டதோடு சரி.

“ஹாலுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாமா?” என்று கேட்டாள் மனைவி.

“சரி.”

“சமையல்கட்டுக்கும்?”

“சரி.”

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். “அண்ணே, ஒடனே வா. இவரு எதுக்கெடுத்தாலும் சரிங்கறாரு.”

அண்ணன் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “மாப்ளே, நான் உங்கள விடப் புத்திசாலிதானே?” என்று சோதித்தார்.

“இருக்கலாம்,” என்றார் வக்கீல். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஒரு குழாய் வழக்கு. பக்கத்து வீட்டுக் குழாய் தன் சுவரை நனைக்கிறது என்று அவருடைய கட்சிக்காரர் போட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கட்டுக் காகிதத்தோடு தயாராக நின்றார். நம்மவர் எழுந்தார். மளுக்.

“குழாய் ஒழுகுதுங்க ஐயா.” உட்கார்ந்துவிட்டார். மளுக்.

எதிர்த்தரப்பு வக்கீல் கட்டுகளை அவசரமாகப் புரட்டினார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று படபடத்தார். குழாயே இல்லை என்றார். இருந்தாலும் ஒழுகாது என்றார். நம்மவர் வாயே திறக்காததைக் கண்டு மிரண்டு, ஒழுகினாலும் கொஞ்சம்தான் என்று முடித்தார். தீர்ப்பு அங்கேயே நம்மவர் பக்கம் கிடைத்தது.

“இவ்வளவு நல்ல வாதத்த நான் கேட்டதே இல்ல,” என்றார் நீதிபதி.

“ஐயையோ, நான் வாதமே பண்ணலீங்க!” என்று பதறி முழங்காலைப் பிடித்துக்கொண்டார் வக்கீல்.

பத்து நாளாகியும் வலி இம்மியும் குறையவில்லை. வைத்தியரிடமே போய் முறையிட்டார். “ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அப்புறம் ஏன் வலிக்குது?”

“தைலம் தேச்சீங்களா?”

“தைலமா?”

வைத்தியருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. “ஐயா, நான் சொன்னது ஒடம்புக்குள்ள இருக்கற வாயு! அது மூட்டுல போய் உக்காந்திருக்கு. வாய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!”

பத்து நாள் அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. வாயு என்றால் வாயு என்று சொல்வதற்கென்ன, வக்கீலிடம் போய் வாதம் என்பதா, எழுத்தில் கொடுத்தீரா, சாட்சி உண்டா என்று ஒன்றேகால் மணி நேரம் பிடிபிடியென்று பிடித்தார். காத்திருந்த நோயாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் வைத்தியர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். “எனக்குப் பித்தம் தலைக்கேறுது,” என்று சொல்லி, யாருக்கோ காய்ச்சி வைத்திருந்த கஷாயத்தை எடுத்து மடக்கென்று குடித்தார்.

அப்புறம் தைலத்தைத் தினமும் மனைவிதான் தேய்த்துவிட்டாள். மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று அதற்கும் அரை மணி நேரம் விசாரணை நடந்தது. அவள் சிரித்துக்கொண்டே, தன் இஷ்டத்துக்குத் தேய்த்தாள்.