கிணற்றடியில் எனக்கு நடந்த நேர்காணல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மதியம், திருநெல்வேலி பேட்டையில் ஒரு வீட்டின் பின்வாசலில் நடந்தது.

அப்போது நான் மனநல மருத்துவம் படித்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு தற்காலிக வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் தெளிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏன் நோய் திரும்புகிறது, மாதாமாதம் வீட்டுக்கே போய்ப் பார்த்தால் தடுக்க முடியுமா என்று ஆராய ஆசைப்பட்டேன். ஆசைக்குக் குறைவில்லை, காசுதான் இல்லை. இளம் ஆய்வாளர்களுக்கு நிதி தருகிற டெல்லி அலுவலகங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். உங்கள் ஊரில் அதற்கு வசதி போதாது என்ற ஒரே பதிலை ஆளாளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் அம்மாவோ, "ஊருல உள்ளவனுக்கெல்லாம் புத்தி தெளிய வைக்கது இருக்கட்டும், முதல்ல நீ கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லு" என்பாள்.

ஒருவழியாக ஓர் அலுவலகம் இறங்கி வந்தது. தேர்வுக் குழுவிலிருந்து ஒருவரை அனுப்புகிறோம், ஒரு வீட்டையாவது நேரில் காட்டுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் கைநழுவினால் அந்த வருடத்தோடு வேலையும் போய்விடும், அதுவரை கைக்காசில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவந்ததும் நின்றுவிடும்.

பேட்டையில் இருந்த ஒரு பையனின் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள் என்ற பயம்தான் அவனுடைய நோய். மாத்திரையில் நன்றாகத் தெளிந்து, லேத் பட்டறைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். அவன் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், பதில் வரவேண்டிய நேரம். அதனால் தெருவில் யாருக்கும் விஷயம் தெரியக் கூடாது. நானே அந்த வீட்டுக்கு அக்காவின் சிநேகிதி என்றுதான் போய்வருவேன்.

டெல்லிக்காரர் மறுநாள் வருவதாகத்தான் ஏற்பாடு. முந்தின நாள் போய் பையனிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவரோ ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கி, இன்றே பார்த்துவிடலாம், மாலை ரயிலில் திரும்ப வேண்டும் என்றார். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது வீட்டுக்கு வீடு போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டு அண்ணாச்சியிடம் டாக்டர் என்றோ நோயாளி என்றோ சொல்ல முடியுமா? "டெல்லியில இருந்து ஒரு ஆபீசர் வாராரு, தம்பியைக் கொஞ்சம் வீட்டுல இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன். அண்ணாச்சி நல்ல மனிதர். பையனுக்கு டெல்லியில் வேலை வந்துவிட்டது என்று தானாகவே முடிவுகட்டி, சந்தோஷமாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "ஏலே, டெல்லியில இருந்து ஆபீசர் வாராராம்லே, உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான்."

காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனோம். கதவைத் திறந்தவள் பையனின் அம்மா. பின்பக்கம் கையைக் காட்டினாள்.

பையன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் உள்ளே தொங்கின. மழையில் தண்ணீர் மேலே ஏறி, கறுப்பாகக் கிடந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"சத்தம் மட்டும் போட்டுராதீங்கம்மா, தெருவுக்குக் கேட்டுரும்" என்று அவன் அம்மா என் காதருகில் சொன்னாள். பிள்ளை கிணற்றில் காலைத் தொங்கப் போட்டிருக்கிறான், பெற்றவளால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். நிதியாவது ஆராய்ச்சியாவது, அவன் இந்தப் பக்கம் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

"கிட்ட வராதீங்க டாக்டர். அந்தாளு என்னைக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்காரு?"

படித்த பாடமெல்லாம் மறந்துபோயிற்று. வாய்க்கு வந்த உண்மையைச் சொன்னேன்.

"இல்லப்பா. அவரு என்னைப் பாக்க வந்திருக்காரு. உங்களை மாதிரி பிள்ளைகளை வீட்டுல வந்து பாக்கதுக்குப் பணம் கேட்டிருக்கேன். குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாரு. பரீட்சை எனக்குத்தான். என் கையைப் பாரு."

நான் கையை நீட்டினேன். நடிப்பே தேவைப்படவில்லை, அது தானாகவே வெடவெடவென்று நடுங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குமா பயம்?"

"ரொம்ப."

"குடுக்கலேன்னா இங்கன வரமாட்டீங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. "தெரியலப்பா" என்றேன். சொன்ன மறுகணமே, ஐயோ, இதைக் கேட்டு விழுந்துவிடுவானோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கிணற்றுக்குள் பார்த்தான். பிறகு ஒரு காலை மெதுவாக எடுத்து வெளியே வைத்தான்.

"பைய, பைய" என்றாள் அவன் அம்மா, குரலே வராமல்.

அடுத்த காலும் வந்தது. ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அதை விடுவித்துக்கொண்டு, வாசற்படியில் நின்ற டெல்லிக்காரரிடம் நேராகப் போனான். கும்பிட்டான்.

"ஸார், இவங்களைப் பயங்காட்டாதீங்க" என்றான்.

டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், மொழிபெயர்க்க முடியவில்லை. அவன் அம்மா மகனைக் கட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப் போனாள். அவன் தூங்கும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். இருங்கள் என்று சொல்லி, அவரும் கூடவே உட்கார்ந்துவிட்டார். மாலை ரயில் போய்விட்டது. கிளம்பும்போதுதான் பையன் சொன்னதை அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிதி கிடைத்தது, வேலையும் பிழைத்தது. அந்த அக்காவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் அவன்தான். மகனை நான் காப்பாற்றிவிட்டதாக அவன் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால், சாகும் அளவுக்குப் பயந்துபோயிருந்த ஒரு பிள்ளை, என்னுடைய பயத்தைப் பார்த்ததும் தன் பயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தானே, அதற்குமேல் மனிதமனத்தைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் எனக்கு இதுவரை சொல்லித் தரவில்லை.