தண்ணீரில் விழாத மூன்று போன்கள்

இதை எழுதுகிறவன் ஞானசுந்தரியை முதலில் சந்தித்தது, நொறுங்கிய போனைக் கையில் ஏந்திக்கொண்டு. மஞ்சூருக்குக் கீழே கீழ்வளைவு பஸ் நிறுத்தத்தில் இருந்தது அவர் ரிப்பேர் கடை. போனை வாங்கியதும் ஒரு புத்தகத்தைத் திருப்பி நீட்டினார்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க தம்பி."

"நான் டிகிரி படிச்சவனுங்க அக்கா. எங்க குடும்பத்துலயே மொத ஆள்."

"சந்தோசம்ங்க. அப்ப வெரசாப் படிச்சிருவீங்க."

போன் எந்த நிலையில் வந்தது, கொண்டுவந்தவர் என்ன வேலை சொன்னார், இரண்டும் சொன்னவர் வார்த்தையிலேயே சீட்டில் ஏறும். கீழே கையெழுத்து. ஒரு ஜீப் டிரைவர் போட்டோவை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் பெண்டாட்டியைக் கூட்டிவந்து "இந்தக் கடைக்காரிதான் அழிச்சா" என்று வாசலில் நின்று ஆடினார். அன்று தொடங்கிய வழக்கம்.

ஞானசுந்தரி தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். கோவையில் ஆறு மாதம் தொழில் கற்று வந்து கடை போட்டுப் பதினொரு வருடம். கடை அறை ஓர் அரசு அலுவலகத்துக்குச் சொந்தம். லைன் வீடுகளைப் பராமரிப்பதும் அதே அலுவலகம்தான். பெயர் வேண்டாம், சொன்னால் அங்கே ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

அலுவலகத்தின் கண்காணிப்பாளர் பொன்ராஜ். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி அவருக்கு இல்லை. ஆனாலும் சட்டைப் பையில் பச்சைப் பேனா இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்திட்டு, பதவியும் தேதியும் போட்டு, கீழே ஒரு கோடு இழுப்பார். இருபத்திரண்டு வருட அனுபவம்.

போன ஆடி மழையில் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த தாங்குசுவர் வெடிப்பு விட்டது. அங்கே குடியிருந்த சுடலைமணி பொன்ராஜுக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும் தினம் ஒன்றாகப் பதினோரு மெசேஜ் அனுப்பினார். பன்னிரண்டாவது நாள், புதன்கிழமை, சுவர் இறங்கியது. சமையலறை போனது. மனைவி பேச்சியம்மாவின் இடுப்பெலும்பு போனது. சுடலைமணியின் பட்டன் போனும் மண்ணுக்குள் போனது.

"எங்களுக்குத் தகவலே வரலீங்க" என்றார் பொன்ராஜ்.

விசாரணைக்கு ஊட்டியிலிருந்து மகாலட்சுமி என்ற அதிகாரி வந்தார். சுடலைமணி எண்ணிலிருந்து மெசேஜ் போனதை போன் கம்பெனிப் பட்டியல் காட்டியது; அதில் என்ன எழுதியிருந்தது என்று காட்டவில்லை. பொன்ராஜ் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "தினமும் குட்மார்னிங் அனுப்புவாருங்க மேடம். நான் பார்க்கறதில்லை. இப்ப பார்க்கலாம்னா, வியாழக்கிழமை போன் ஓடையில உழுந்துருச்சு."

உதவியாளர்கள் போன்களும் அதே வியாழக்கிழமை, அதே ஓடையில் விழுந்திருந்தன.

"மூணு பேரும் ஒண்ணாக் குளிக்கப் போனீங்களா?" என்று கேட்ட மகாலட்சுமி, தண்ணீரில் விழுந்ததற்கு ரிப்பேர் கடைச் சான்று கொண்டுவரச் சொன்னார்.

அன்று மாலையே பொன்ராஜ் கடைக்கு வந்தார்.

"சுந்தரி, ஒரு லெட்டர் வேணுமே. மூணு போனும் தண்ணி பூந்து கெட்டுப்போச்சுன்னு எழுதி சீல் வச்சுக் கொடு."

"தண்ணி பூந்த போனைத் தெறந்தா உள்ள பச்சையாப் பூத்துக் கெடக்குங்க சார். உங்க போன் கல்யாணப் பொண்ணாட்டம் இருந்துச்சு."

"ஓ, சட்டம் பேசறயா? இந்த ரூம் வாடகை ரினிவல் பைல் எங்க இருக்குன்னு தெரியுமா? எம் மேசையில."

"அங்கயே இருக்கட்டுங்க. உங்க மேசையில இருக்கறதை யாரு படிக்கப் போறா?"

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள லெட்டர் வரணும். இல்லேன்னா மாசக் கடைசியில பூட்டு." மேசையில் அறைந்துவிட்டுப் போனார். அதுவரை அவர் முழங்கை ஊன்றியிருந்தது சீட்டுப் புத்தகத்தின் மேல்தான்.

ஞானசுந்தரி வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். அன்று அந்த மூன்று போன்களையும் உள்ளே ஒன்றுமில்லாமல் துடைத்தது அவர் கைதான். எதற்காக என்று அப்போது தெரியாது. பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்டதற்குப் பொன்ராஜ் வேண்டாம் என்றிருந்தார். பேச்சியம்மா ஆஸ்பத்திரியில் இன்னும் எழுந்து உட்காரவில்லை. லெட்டர் எழுதினால் கடை பிழைக்கும். பேச்சியம்மாவின் இடுப்பு குட்மார்னிங்கால் உடைந்ததாக ஆகும்.

மறுநாள் ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கினார். லெட்டருக்குப் பதிலாகப் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஏறினார்.

அங்கே விசாரணையில் இருந்த மகாலட்சுமி அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "போன் நிலை: நல்லா இருக்கு. வேலை: மெசேஜ் ஒண்ணுகூட இருக்கக் கூடாது, சுத்தமாத் துடைச்சிரு." அடுத்தடுத்து மூன்று சீட்டுகள். முதல் சீட்டில் பொன்ராஜ், கண்காணிப்பாளர் என்று பச்சை மையில் கையெழுத்து, தேதி, கீழே கோடு.

"இது என் கையெழுத்தே இல்லீங்க மேடம்."

"எங்க, இந்தத் தாள்ல ஒண்ணு போடுங்க பார்க்கலாம்."

பொன்ராஜ் பேனாவை எடுத்தார். பாவம், கை பழகிவிட்டது. பதவி, தேதி, கோடு எல்லாம் போட்டே முடித்தார்.

வாசலில் நின்ற சுடலைமணி சிரித்தார். சுவர் விழுந்த பிறகு முதல் முறை.

அழிந்த மெசேஜ்கள் திரும்பக் கிடைக்கவில்லை. தகவல் கிடைத்தும் செயல்படாமல், பிறகு வேண்டுமென்றே அழித்தார்கள் என்று அறிக்கை சொன்னது. பேச்சியம்மாவின் வைத்தியச் செலவு அரசுக்கு என்று ஆனது. அவர்களுக்கு வேறு வீடும் ஒதுக்கினார்கள். பொன்ராஜுக்குத் தண்டனையாக இடமாற்றம் கிடைத்தது. அவர் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொந்த ஊருக்கே.

கடை ரினிவல் பைலை அடுத்து வந்தவரும் படிக்கவில்லை. மாதக் கடைசியில் பூட்டு விழுந்தது.

ஞானசுந்தரி இப்போது பிக்கட்டியில், ஒரு பேக்கரி மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார். ஞாயிறு விடுமுறை.