மாடியிலிருந்து இறங்கிய ஒயர்

திருவனந்தபுரத்துக் கரமனையில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் முன்னறைதான் என் மாமனாரின் ஆபீஸ். அவர் ஆடிட்டர். என் கணவர் அவரிடமே வேலை பார்த்தார். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆகவே அடுக்களை முழுக்க எனக்கு, ஆபீஸ் முழுக்க அவர்களுக்கு என்று வந்த மறுநாளே பாகம் பிரிந்துவிட்டது.

நாகர்கோவிலில் நான் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் சர்வர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். பெண் பார்க்க வந்தபோது மாமனார் அதைச் சிலாகித்துக்கூடச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு, திருவனந்தபுரத்தில் ஏதாவது வேலை தேடட்டுமா என்று கேட்டதற்கு, இந்த ஆத்துப் பெண்கள் ஆபீஸ் போகிற வழக்கம் இல்லை என்று முடித்துவிட்டார். என் பிறந்த வீட்டுச் சீராக வந்த கம்ப்யூட்டர் மாடியில் எங்கள் அறையில் துணி போட்டு மூடிக் கிடந்தது. ஆபீஸ் அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது. கணக்குக் கொண்டுவருகிற கட்சிக்காரர்கள் வந்து போகிற இடமாம். காப்பி கொண்டுபோனால் நிலைப்படியில் நின்று கணவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

தொண்ணூறுகள் முடிந்து புது நூற்றாண்டு பிறந்த சமயம் அது. ஆபீஸில் ஒரு சர்வர் வைத்து, மற்ற கம்ப்யூட்டர்களையெல்லாம் அதோடு ஒயரால் இணைத்து, டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டும் எடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வலியசாலையில் ஒரு சதாபிஷேகத்துக்குப் போயிருந்தபோது, நான் மாடி ஜன்னல் வழியாக ஒரு ஒயரை இறக்கி, ஆபீஸ் அறையின் மேல் துவாரத்துக்குள் நுழைத்து, அங்கிருந்த இணைப்புப் பெட்டியில் செருகினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது என் கணவர். ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டே பிடித்தார். அன்று அவர்மேல் எனக்கு நிரம்பப் பிரியமாக இருந்தது.

இப்படி இணைத்த ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஒரு எண் வேண்டும். தபால்காரனுக்குக் கதவு எண் மாதிரி. ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. என்னுடையதற்கு ஐம்பது என்று முடிகிற எண்ணைக் கொடுத்தேன். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. பிறகு தினமும் காலையில் சமையலை முடித்துவிட்டு மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போடுவேன். பழைய சிநேகிதிகளுக்கு மெயில் எழுதுவேன். வேலை விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பம் அனுப்புவேன். கீழே சாப்பிட்ட இடத்தைத் துடைத்து எச்சில் இடவோ மாவு அரைக்கவோ வந்தாலும் அது மாடியில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

தம்பி கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் ஆபீஸுக்குப் புதுப் பிரிண்டர் வந்தது. பழையது சர்வரின் முதுகில் நேரடியாகச் செருகியிருந்த ஒன்று. புதியது தன் சொந்த ஒயரோடு நெட்வொர்க்கில் தனியாக உட்காருகிற ரகம். எல்லாரும் தங்கள் மேசையிலிருந்தே அனுப்பினால், சர்வர் வரிசைப்படுத்தி அதனிடம் கொடுக்கும். வந்த அன்று அழகாக அச்சடித்ததாம். நான் திரும்பி வந்த மறுநாளிலிருந்து அடிக்கவில்லை.

கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாலைக் கடைத்தெரு வியாபாரிகளெல்லாம் முன்னறை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டரை வைத்துவிட்டுப் போன எஞ்சினியரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். களியக்காவிளைப் பக்கத்துத் தமிழர், முப்பது வயது இருக்கும். சுத்தமாகச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார். கிறிஸ்தவர் என்பதை மாமனார் அவர் பெயரைக் கேட்டே தெரிந்துகொண்டார். வெளியாருக்கென்று தனியாக வைத்திருக்கிற கண்ணாடித் தம்ளரில் அவருக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

வந்து உட்கார்ந்ததும் அவர் ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தார். மாமனார் அதை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "பிரிண்ட் வந்தாக்க சாவி வரும். வராத்தவரைக்கும் நீர் இங்கேதான், கேட்டீரா" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எஞ்சினியரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

அடுக்களைக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஒரு மரத் தடுப்புதான். நான் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சினியர் சர்வரில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தார். பிரிண்டரை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளை மாற்றினார். வரிசையில் நின்ற வேலைகளை அழித்துவிட்டுப் புதிதாக அனுப்பினார். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு முறையும், "கனெக்‌ஷன் செரியாத்தான் இருக்கு சாரே, பிங் கிட்டுது" என்றார். பிங் என்றால் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பது. அந்த எண்ணில் யாராவது இருந்தால் பதில் வரும்.

நேரம் போகப் போக மாமனாருக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. பிரிண்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எஞ்சினியர் கையில் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையின் உச்சரிப்பையும் மாமனார் நிறுத்தித் திருத்தினார். மறுபடி சொல்லும் என்றார். அவர் மறுபடி சொன்னார். பெஞ்சில் சிரிப்பு. இன்னும் ஒரு தரம் என்றார். அந்தக் குரல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனதை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவரின் சிரிப்பும் அதற்குள் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டால் பதில் வருகிறது, கொடுத்தால் அச்சு வரவில்லை. அப்படியானால் பதில் சொல்வது பிரிண்டர் இல்லை. அந்த மனிதரும் பிரிண்டருக்கு எண் கொடுக்கும்போது, என்னைப் போலவே, சுலபமாக நினைவிருக்கட்டும் என்று ஐம்பதையே எடுத்திருக்கிறார். நான் இங்கே இல்லாமல் என் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்ததால் அன்று அந்த எண் காலியாக இருந்திருக்கிறது. எனக்கும் மூன்று நாளாக மெயில் விட்டு விட்டுத்தான் வந்தது. டெலிபோன் லைன் கோளாறு என்று இருந்துவிட்டேன்.

உடனே மாடிக்குப் போய் அணைத்திருந்தால் போதும். ஆனால் நாளைக்குப் போட்டால் மறுபடி இதே கதை. என் எண்ணை நான் மாற்றிக்கொண்டிருக்கலாம், அதுவும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஏனோ அந்த மனிதருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு நேரம் அந்த வாசிப்பைக் கேட்டதனால் இருக்கும்.

மத்தியானம் மாமனார் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் படுத்தார். கணவர் பாங்குக்குப் போயிருந்தார். எஞ்சினியருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று மாமனாரின் உத்தரவு. பெஞ்சில் இருந்தவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் ஒரு தம்ளர் மோரை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.

"பிரிண்டரோட ஒயரை உருவிட்டுப் பிங் பண்ணிப் பாருங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒயரை உருவினார். கூப்பிட்டார். பதில் வந்தது. பிரிண்டரையே அணைத்துவிட்டுக் கூப்பிட்டார். அப்போதும் பதில் வந்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வருவது தெரிந்தது.

"மாடியில என் கம்ப்யூட்டர்" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். "மாமாவுக்குத் தெரியாது. நீங்க பிரிண்டருக்கு வேற நம்பர் கொடுத்துட்டு, டிரைவர் கோளாறுன்னு சொல்லிடுங்கோ."

அவர் தலையை ஆட்டினார். மோரை ஒரே மடக்கில் குடித்தார். ரொம்ப உபகாரம் என்றார்.

ஒயரை மறுபடி செருகி, பிரிண்டருக்குப் புது எண் கொடுத்து, அதைச் சர்வரிலும் பதிந்ததும் வரிசையில் தேங்கியிருந்ததெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் மாமனார் எழுந்து வந்தார். கணவரும் பாங்கிலிருந்து திரும்பிவிட்டார். பெஞ்சும் நிறைந்தது. என்ன கோளாறு என்று மாமனார் கேட்டார். டிரைவர் கோளாறு என்றார் எஞ்சினியர்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அப்படியானால் டிரைவரைத் தப்பாகப் போட்டது யார் என்று மாமனார் கேட்டார். எஞ்சினியர் தன் பையில் சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கினார். மாமனார் டெலிபோனை எடுத்து அவருடைய கம்பெனி எண்ணைச் சுழற்றத் தொடங்கினார். வேலை தெரியாதவனை அனுப்பி மூன்று நாள் ஆபீஸைக் கெடுத்ததற்கு அவனை வேலையை விட்டே எடுக்கச் சொல்லப் போவதாகச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்க தப்பு இல்ல சாரே" என்றார் எஞ்சினியர். "ஒங்க வீட்டு மாடியில ஒரு கம்ப்யூட்டர் கெடக்கு. அது நம்ம பிரிண்டர் நம்பரை எடுத்துக்கிட்டு இருந்துது. ஒங்க மருமகதான் பறஞ்சாங்க."

மாமனார் டெலிபோனை வைத்தார். இணைப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்து, மேல் துவாரத்துக்குப் போகிற ஒயரில் நின்றார். என்னைக் கூப்பிட்டார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"உள்ள வா" என்றார்.

அந்த அறைக்குள் நான் முதல் தடவையாகக் கால் வைத்தது அப்போதுதான். பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். மாமனார் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மகனைப் பார்த்து, இது உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுப்பா" என்றார்.

மாமனார் எஞ்சினியரின் பையிலிருந்து ஒயர் வெட்டுகிற கட்டரை எடுக்கச் சொல்லி, அதை என் கையில் கொடுக்கச் சொன்னார். எஞ்சினியர் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதானே போட்டே. நீயே வெட்டு."

வெட்டினேன். கட்டரை மேசைமேல் வைத்தேன். மாமனார் இழுப்பறையைத் திறந்து ஸ்கூட்டர் சாவியை எஞ்சினியரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனார். என் கம்ப்யூட்டரை அன்று மாலையே மாடியிலிருந்து இறக்கி ஆபீஸில் ஒரு குமாஸ்தாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவ்வளவோடு விட்டிருந்தால் நான் அழுது தீர்த்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் அடுத்த வாரம் பிரிண்டரில் காகிதம் சிக்கியபோது மாமனார் அடுக்களையைப் பார்த்து, "எஞ்சினியரை விளியுங்கோ" என்றார். கூப்பிட்டது என்னைத்தான். முந்தானையைச் செருகிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு எது நின்றாலும் நான். யாருடைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் தெரியாவிட்டாலும் நான். புதுக் கட்சிக்காரர் யார் வந்தாலும் என்னை வேலை செய்ய வைத்துக் காட்டுவார். எங்காத்து எஞ்சினியருக்குச் சாதம்தான் சம்பளம் என்று சொல்வார். நான் குனிந்து ஒயர் செருகிக்கொண்டிருக்கும்போது சொல்வார். கணவரும் மற்றவர்களோடு சிரிப்பார். ராத்திரி அறைக்கு வந்து, அப்பா சும்மா தமாஷ் பண்ணறார், மனசில வெச்சுக்காதே என்பார்.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சர்வர் என் பொறுப்பு என்று ஆனபின், அதைத் திறக்கிற பாஸ்வேர்டையும் நானே மாற்றினேன். அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டால் ஓடி வருகிறவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்?

அடுத்த வருஷம் பேப்பர் விளம்பரம் பார்த்துத் தபாலில் ஒரு விண்ணப்பம் போட்டேன். வழுதக்காட்டில் ஒரு ஆபீஸில் இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாக்கலுக்குக் கடைசி நாளும் அதுவும் ஒரே நாள். அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தெரிந்தபோது சந்தோஷப்பட்டேன்.

அன்று காலை விளக்குப் போடப் போகிற மாதிரி ஆபீஸுக்குள் போனேன். சர்வரில் பிரிண்டர் வரிசையை நிறுத்திவைத்தேன். ஒரு சொடுக்குதான். அனுப்புகிறதெல்லாம் வந்து நிற்கும், ஒன்றும் அச்சாகாது. சமையலை முடித்து மூடிவைத்தேன். பட்டுக்கரை போட்ட பருத்திப் புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது முன்னறை நிறைந்திருந்தது. மாமனார் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பியாச்சு? இது நின்னு போயிருக்கு, பாரு" என்றார்.

"இன்டர்வியூக்குப் போறேன் மாமா. வந்து பாக்கறேன்."

கணவர் குறுக்கே வந்து நின்றார். அவ்வளவு பேர் முன்னால் அவர் என்னிடம் அதிகாரமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இதைச் சரிபண்ணிட்டு எங்கே வேணும்னாலும் போ என்றார். நீங்களே பாருங்கோ, தெரியாதுன்னு சொல்ல உங்களுக்குப் பழக்கம்தானே என்றேன். அவர் நகர்ந்துகொண்டார். நான் கரமனை ஜங்ஷனில் பஸ் ஏறினேன்.

பிறகு நடந்ததைக் குமாஸ்தா எனக்குச் சொன்னார். கம்பெனியிலிருந்து ஒருவன் வந்து சர்வரின் பாஸ்வேர்டு கேட்டானாம். சொல்ல ஆளில்லை. மாமனார் நாலைந்து கட்சிக்காரர்களின் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெயிலில் டைப்பிஸ்ட் கடை தேடி அலைந்திருக்கிறார். தாக்கலுக்குக் கடைசி நாளில் எந்தக் கடையில் இடம் கிடைக்கும்? சாலைக் கடைத்தெருவின் பெரிய மண்டி வியாபாரி அத்தனை பேர் முன்னால் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வேறு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சாயந்திரம் நான் வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. மாமனார் தன் நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை என்று கணவர் சொன்னார், ஏதோ நான் தின்ன விடாதது போல.

"மாமா, இங்கே வந்து பாருங்கோ" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். நான் சர்வரைத் திறந்து, மவுஸை நகர்த்தி, எங்கே அழுத்துகிறேன் என்பதை அவர் நன்றாகப் பார்க்கும்படி மெதுவாக, ஒரே ஒரு தரம் அழுத்தினேன். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. காலையிலிருந்து நின்றிருந்த காகிதமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. எதற்கும் இனி உபயோகமில்லாத காகிதங்கள்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

அவர் அந்த முதல் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளாததால் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், வரவில்லை. ரசத்தைச் சூடு பண்ணப் போனேன்.

வேலை கிடைத்தது. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாமனார் அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சாதம் வேண்டுமென்றாலும் மகனிடம் சொல்லி, மகன் என்னிடம் சொல்வார். பாஸ்வேர்டை மட்டும் கணவர் வந்து கேட்டார். ஆபீஸ் அறைக்கு வெளியே, நிலைப்படியில் நின்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.