கரீமுல்லாவின் இரண்டு விரல்

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறார் கரீமுல்லா. காரின் சொந்தக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். விரல் தாராளமாகப் போய்வந்தால் அந்த டயர் பாஸ். நெருக்கினால், அது எந்தச் சீமையிலிருந்து வந்ததானாலும் வெளியே. அளவு நாடா வைத்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்டால், "நாடா இன்னிக்கு நீளும், நாளைக்கு சுருங்கும். வெரலு இன்னா பண்ணும் நைனா?" என்பார்.

தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோடை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய ராஜ்யம். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப் சக்கரங்களும் டயர்களும் அங்கே மலையாகக் கிடக்கின்றன. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, மற்றவர்கள் பீடி செருகும் காதில் ஒரு துண்டு சாக்பீஸ். தொழுகை நேரத்தில் மட்டும் அது ஆணியில் தொங்கும் சட்டைப்பைக்குப் போகும்.

பழைய காரின் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, தேக்குப் பலகையால் கூடு கட்டி, அதற்கு 'ஸ்டேஷன் வாகன்' என்று பெயர் சூட்டுவது இப்போது பட்டணத்து மோஸ்தர். கூடு கட்டுவது ஆசாரியின் பாடு. அந்தக் கனத்துக்கு எந்தச் சக்கரம், என்ன டயர் என்று தீர்ப்புச் சொல்வது கரீமுல்லாவின் பாடு.

தீர்ப்புக்கு முன் ஒரு சடங்கு உண்டு. "காலி வண்டியிலே காத்தா போவப்போவுது? ஏறுற ஆளுங்களைக் கூட்டிக்கினு வாங்க சாமி" என்று மயிலாப்பூர் வக்கீல் ராஜகோபாலனிடம் சொன்னார். "ஆத்துல இருக்கறவா எல்லாரையுமா அழைச்சுண்டு வரணும்?" என்று வக்கீல் திகைத்தார். மறுநாள் அவர் மனைவி அபயாம்பாளும் ஐந்து குழந்தைகளும் படுக்கைச் சுருட்டும் ஊறுகாய் ஜாடியுமாக வந்து, கொட்டகை வாசலில் வண்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கரீமுல்லா டயர் ஓரமெல்லாம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து ஒரு சுற்று விட்டார். உரசினால் மட்கார்டின் உட்புறத்தில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டிருந்தது. வக்கீல் ஆசைப்பட்ட பெரிய ஜீப் டயர் உடனே தள்ளுபடி. "கோர்ட்டுல உங்க பேச்சு சாமி. இங்க சாக்பீசு பேச்சுதான்."

இத்தனை கெட்டிக்காரருக்கும் தன் முதுகு தெரியவில்லை. அதற்குச் சாட்சி கொட்டகைக்குப் பின்னால் செங்கல் அடுக்கின்மேல் நின்றது. அவருடைய சொந்த ஸ்டேஷன் வாகன்! மனைவி ஹாஜிரா பீக்குக் கோவளம் தர்காவுக்குப் போகவேண்டும் என்று ஒரு வேண்டுதல். அதற்காகவே வாங்கிய வண்டி, மூன்று வருஷமாகச் சக்கரமில்லாமல் கிடந்தது. ஊரார் காருக்கு ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்கிற மனிதர், தன் வண்டிக்கு எதை மாட்டினாலும் ஒரு நொட்டை கண்டுபிடித்தார். இது குட்டை, அது துருத்துகிறது, இன்னொன்று எடுப்பாக இல்லை. கோழிகள் உள்ளே முட்டையிட ஆரம்பித்துவிட்டன.

போன வாரம் ஹாஜிரா பீக்குப் பொறுமை போய்விட்டது. வியாழக்கிழமை தர்காவில் கந்தூரி விழா, வண்டி கிளம்பாவிட்டால் தங்கை நஸ்ருன்னிசாவோடு பஸ்ஸில் போவதாகவும், அப்புறம் செத்தாலும் இந்த வாகனில் ஏறப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அன்றே கரீமுல்லா துணிந்து, நெடுநாளாக மனத்தில் வைத்திருந்த ஜீப் சக்கரங்களை மாட்டினார். விரல் தாராளமாகப் போய்வந்தது. "பாரு, சிங்கம் கணக்கா நிக்குது!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஹாஜிரா பீ சிங்கத்தைப் பார்க்கவில்லை. "ஊருல கீற பொம்பளைங்களை எல்லாம் உக்கார வெச்சுப் பாத்தீங்க. என்னை ஒரு நாளாவது உக்கார வெச்சீங்களா?" என்றாள்.

மூன்று வருஷமாகக் காலி வண்டிக்கே சக்கரம் பார்த்திருக்கிறார் கரீமுல்லா! வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. வண்டிக்குள் இருந்த கோழிகளை விரட்டிவிட்டு, தோள் துண்டால் ஆசனத்தைத் தட்டி, "ஏறு" என்றார்.

ஹாஜிரா பீ நல்ல கனத்த சரீரம், நஸ்ருன்னிசாவும் அதே அச்சு. இருவரும் பிரியாணி தேக்சாவோடு ஏறினார்கள். வண்டி பெருமூச்சு விட்டுத் தழைந்தது. சாக்பீஸைத் தேய்த்து ஒரு சுற்று விட்டுப் பார்த்தால் மட்கார்டெல்லாம் வெள்ளை. சிங்கத்தின் கால்களை அவரே கழற்றினார். அப்போது அவர் கண் கலங்கியதாக நஸ்ருன்னிசா சொல்கிறாள், வியர்வை என்கிறார் அவர். குட்டை என்று மூலையில் எறிந்த பழைய சக்கரங்களை உருட்டிவந்து மாட்டினார். இரண்டு விரல் சுகமாக நுழைந்தது.

வியாழக்கிழமை காலை வாகன் கிளம்பியது. அடையாறு பாலம் இறங்கியதும் ஒரு பள்ளத்தில் விழுந்து எல்லோரையும் தூக்கிப்போட்டது. கரீமுல்லா சட்டென்று நிறுத்தி இறங்கினார்.

"மச்சான் டயரைப் பாக்க எறங்கிட்டாரு. இனிமே கந்தூரிக்குப் போன மாதிரிதான்!" என்று நஸ்ருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

கரீமுல்லா டயரை ஏறிட்டும் பாராமல் அதைத் தாண்டிப் பின் ஜன்னலுக்கு வந்தார். கையை உள்ளே நீட்டி, ஹாஜிரா பீயின் தலைக்கும் பலகைக் கூரைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார்.