ஒரு சுவருக்கு மட்டும் மழை

வினிதா மழை பெய்ய வைப்பவள். அவளிடமே இப்படிச் சொன்னால் கூச்சப்படுவாள். "செவுத்து மேல தண்ணி பீச்சிப் பாக்கறதுதானுங்க நம்ம வேலை" என்பாள்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவள் ஆபீஸ். புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி, கல்லூரி, ஹோட்டல் எதுவானாலும் அதன் சுவரும் சன்னலும் கூரையும் மழையை வெளியே நிறுத்துமா, காற்று எங்கே நுழைகிறது என்று கட்டும்போதே சோதித்துச் சொல்லும் சின்ன கம்பெனி. முதலாளி சுப்பையா. அவருக்குக் கீழே வினிதாவும் சோனியாவும் இன்னும் சிலரும். வினிதாவுக்குக் கொள்ளேகால் பக்கம். சிவில் டிப்ளமா படித்துவிட்டு வேலைக்காக மைசூருக்கு வந்தவள், சோனியாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு சில வருடம் அடிக்கடி வந்து, பிறகு தானாக ஓய்ந்துபோயிருந்தது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய இடத்தை மறந்துவிடுகிற பெண் அவள்.

வேலையில் மட்டும் மறதி கிடையாது. ஆனால் அங்கேயும் அவளுக்கு ஒரு தனி உலகம் இருந்தது. கட்டடங்கள் மூச்சு விடுவதாக அவள் நம்பினாள். எல்லாக் கதவையும் அடைத்து, ஒரு வாசலில் மின்விசிறியை வைத்துக் காற்றைத் தள்ளினால், கட்டடம் தன் மேல் உள்ள ஒவ்வொரு சந்து வழியாகவும் மெல்ல மூச்சை விடும். அந்த நேரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி கண்ணை மூடி நின்றுவிடுவாள். சோனியா வந்து தோளைத் தொட்டால்தான் திரும்புவாள்.

போகாதி ரோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டும் வேலை வந்தது. அதைக் கட்டும் டாக்டர் அம்மாவின் பழைய ஆஸ்பத்திரியில் மழைக்காலம் வந்தால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பிறந்த குழந்தைகள் கிடக்கிற அறையில் பூஞ்சை. புதுக் கட்டடத்தில் அது வரவே கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். அதனால் கட்டடம் படமாக இருக்கும்போதே வினிதாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆர்க்கிடெக்ட் வைஷாலியின் மேஜையில் படத்தை விரித்து, வினிதா ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தாள். கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டிய படம் அது. மழையைத் தடுக்கும் படலம் எங்கெங்கே போகிறதோ அதன் மேலேயே பென்சிலை இழுத்துக்கொண்டு போனாள். அஸ்திவாரத்தில் தொடங்கி, சுவர் ஏறி, கூரையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். வழியில் பென்சிலைத் தூக்க நேர்ந்தால் அங்கே தண்ணீர் புகும்.

சன்னல் விளிம்பில் பென்சில் நின்றது.

"சன்னல் இருக்குதுங்க, செவுரு இருக்குதுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே வரையல" என்றாள்.

வைஷாலி குனிந்து பார்த்தார். "அது சைட்ல பாத்துப்பாங்கன்னு விட்டேன்" என்றார். பிறகு தானே சிரித்து, "விடக் கூடாதுதான். குடுங்க" என்று பென்சிலை வாங்கி, சன்னலையும் சுவரையும் சேர்த்து ஒட்டும் ஒரு நீர்க்காப்புப் பட்டையை அங்கேயே வரைந்தார். கோடு முழுதாகச் சுற்றி வந்தது.

படத்தில் சரியானது கட்டும்போதும் சரியாக வருமா என்று பார்க்க, முதலில் ஒரு மாதிரி அறை கட்டினார்கள். காலி மனையின் நடுவில், ஒரே ஒரு சன்னல் வைத்த ஒற்றை அறை. ஏப்ரல் வெயில். தூரத்தில் சாமுண்டி மலை புகைபோலத் தெரிந்தது. வினிதா குழாய்ச் சட்டத்தைச் சன்னலுக்கு நேரே நிறுத்தித் தண்ணீரைத் திறந்தாள். உள்ளே இருந்த காற்றை விசிறி வெளியே இழுத்தது. வெளியே புயல் அடித்தால் சன்னல் எப்படி அழுத்தப்படுமோ, அப்படி. ஊரெல்லாம் வெயில் காய, அந்த ஒரு சுவருக்கு மட்டும் மழை பெய்தது. கட்டட வேலைக்காரர்கள் சாரல் படுகிற இடமாகப் பார்த்து வந்து நின்றார்கள்.

சன்னல் செய்தவன் தருண்குமார். ஹெப்பாளில் அலுமினியப் பட்டறை வைத்திருந்தான். பெற்றோர் அனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள். அவன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைவிடக் கன்னடம் சரளமாக வரும். சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு துளி கோத்து, திரண்டு, உள்பக்கம் வழிந்ததைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"நோடி மேடம், பாருங்க, நீங்க விடற மழை மைசூர்ல எங்க பேயுது?"

"காத்தோட பேஞ்சா இப்பிடித்தான் பேயுமுங்க. கழட்டி மூலையைப் பாருங்க."

அவன் முறைத்துக்கொண்டே கழற்றினான். இரண்டு சட்டங்கள் சேரும் மூலையில் பசை பாதிதான் உள்ளே இறங்கியிருந்தது. சற்று நேரம் அதையே பார்த்தான். "நம்ம தப்பு" என்றான். கோபம் போய்விட்டிருந்தது. "அடுத்த தடவை டெஸ்ட் பண்றப்ப நானும் உள்ள உக்காந்து பாக்கலாமா?"

அடுத்த முறை இருவரும் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். சோனியா வெளியே தண்ணீரைத் திறந்தாள். விசிறி சுழன்றதும், மலைச் சரிவில் பஸ் இறங்கும்போது லேசாக அடைக்குமே, அப்படிக் காது அடைத்தது. கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழிய, வெளியில் இருந்த உலகம் கரைந்து பச்சையும் மண்ணிறமுமாக அசைந்தது. இருவரும் கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து, வராத ஒரு துளிக்காகக் காத்திருந்தார்கள்.

"தண்ணிக்கு அடியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றான் தருண்குமார்.

"எனக்கு எப்பவுமே அப்பிடித்தான் இருக்குமுங்க. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல."

அவன், அவள் கேட்காமலே, தனக்குக் கல்யாணம் ஆகிப் பிரிந்துவிட்டதைச் சொன்னான். சண்டை இல்லை. வீட்டில் டிவி மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில் இருவருக்கும் அது புரிந்துவிட்டதாம். வினிதா தலையாட்டினாள். கண்ணை மட்டும் மூலையிலிருந்து எடுக்கவில்லை. மூலை காய்ந்தே இருந்தது. விசிறி நின்றபோது இருவருக்குமே எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது.

கட்டடம் எழும்பியது. வினிதா வாரத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்தாள். அவள் போகிற நாளில் தருண்குமாருக்கும் அங்கே ஏதாவது வேலை இருந்தது. டீ குடிப்பார்கள். சாரத்தின் நிழலில் நின்று பேசுவார்கள். பேச்சு சன்னலில் தொடங்கி எங்கெங்கோ போகும். நிஜ மழை பெய்கிற சாயங்காலங்களில் அவன் போன் பண்ணுவான்.

"உங்க பக்கம் எப்டி பேயுது?"

"நேரா பேயுதுங்க. காத்தில்ல."

"இங்க ஸ்வல்ப சாய்வா இருக்கு."

இவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகும் வினிதா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சன்னலோரம் நிற்பாள். சோனியா பார்த்தும் பார்க்காத மாதிரி சோற்றைப் போடுவாள்.

மூன்றாவது மாடியில் குழந்தைகள் அறைக்குச் சன்னல்கள் ஏறின. பூச்சு வேலைக்கு முன் சோதிக்க வேண்டும். இந்தத் தடவை அந்த மாடியை அடைத்து, உள்ளே வெண்புகையை நிரப்பி, காற்றை வெளிப்பக்கம் தள்ளினார்கள். மேடை நாடகத்துக்குப் போடுகிற, மூச்சுக்குக் கெடுதல் இல்லாத புகை. வினிதா கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காற்று அசையவில்லை.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சன்னலின் ஓரத்திலிருந்து நூல்போல வெள்ளையாக ஒரு இழை புறப்பட்டு மேலே போனது. பக்கத்துச் சன்னலில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. குளிர்காலத்தில் மாடுகள் வரிசையாக நின்று மூச்சு விடுவதுபோலக் கட்டடம் அமைதியாக மூச்சு விட்டது. அவள் பார்த்ததிலேயே அழகான காட்சி அது. அவள் பார்க்க விரும்பாத காட்சியும் அதுதான்.

மேலே போய்ப் பட்டையை உரித்துப் பார்த்தார்கள். அவசரத்தில் சிமெண்ட் தூசியைத் துடைக்காமலே பட்டையை ஒட்டியிருந்தார்கள். சுவரைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒட்டியவர்கள் தருண்குமாரின் ஆட்கள். அந்த மாடி முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும்.

"நீங்க எழுதிக்கோங்க, மேடம்" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்காமல், உரித்த பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னான். "எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி ஒட்டறேன். நானே நின்னு ஒட்டறேன்."

அவள் எழுதினாள். பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று அவளுக்குத் தெளிவாயிற்று. அந்தப் புகை இழைகளைப் பார்த்த கணத்தில், காற்று கொஞ்சம் அடித்து அவற்றைக் கலைத்துவிடாதா என்று அவள் மனம் ஆசைப்பட்டிருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஓர் ஆசை வந்ததே இல்லை. அந்த அறையில் படுக்கப்போகிற குழந்தைகளை நினைத்தாள். அன்றும் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று.

மறுநாள் சுப்பையாவிடம் போய் நின்றாள்.

"சார், அந்த ஆஸ்பத்திரியில அடுத்த டெஸ்டுக்குச் சோனியாவை அனுப்புங்க. நான் போகலைங்க."

"ஏம்மா? தருண்குமார் ஏதாவது பேசினானா?"

"ஒண்ணும் பேசலைங்க. அவரு சன்னல் ஒழுகக் கூடாதுன்னு எனக்குத் தோணுது. அப்பிடித் தோணற ஆளு போய் டெஸ்ட் பண்ணக் கூடாதுங்க."

சுப்பையா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரிம்மா" என்றார்.

அவர் தருண்குமாரிடம் இதில் பாதியைத்தான் சொன்னார். வினிதா வரமாட்டாள், சோனியா வருவாள் என்றார். காரணம் கேட்டதற்கு, "அதை அவளையே கேளுப்பா" என்று போனை வைத்துவிட்டார். தருண்குமார் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் பாத்திரக் கடை திறக்கிற சத்தத்தோடு மாடிப்படி ஏறி வந்து நின்றான்.

"எம்மேல கோபமா? தூசி துடைக்காம விட்டது தப்புதான். அதுக்காக வரவே மாட்டேன்னு சொல்லிட்டீங்களே."

"கோபம் இல்லீங்க."

"பின்ன?"

வினிதா எழுந்து சன்னல் பக்கம் போனாள். கீழே சந்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. சுப்பையாவிடம் சொன்னதையே, அதே வார்த்தைகளில், முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும் காது லேசாக அடைத்ததுபோல் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். தருண்குமார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"அப்போ டெஸ்ட் முடியற வரைக்கும் நான் உங்ககூட எதுவும் பேசலை" என்றான் மெதுவாக. "முடிஞ்சப்புறம் ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா?"

"கேளுங்க" என்றாள்.

அந்த நாட்களில் மழை பெய்தும் அவன் போன் பண்ணவில்லை. மூன்றாவது மாடியில் தானே நின்று, ஒவ்வொரு சன்னலின் ஓரத்தையும் துடைத்து, பட்டையை உருளையால் அழுத்தி ஒட்டினான். சோனியா போய்ச் சோதித்தாள். ஒரு சன்னலில் மறுபடியும் ஒரு இழை எழுந்தது. சோனியா தயங்காமல் அதையும் எழுதினாள். அவன் அதையும் கழற்றி ஒட்டினான். அதற்கடுத்த காலையில் கட்டடம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. சோனியா கீழே இருந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, கடைசியில் வினிதாவுக்குப் போன் பண்ணினாள். "ஒண்ணுமே வரலை. வானம்தான் தெரியுது."

அன்று சாயங்காலம் தருண்குமார் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

வினிதா ஊருக்குப் போன் போட்டு அப்பா லிங்கப்பனிடம் சொன்னாள். அவனுக்கு முதலில் கல்யாணமாகிப் பிரிந்ததையும் மறைக்கவில்லை.

"மொத சம்சாரம் எதுக்குப் பிரிஞ்சு போச்சு?"

"ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்லாமப் போச்சாமுங்கப்பா."

"உங்கிட்டப் பேசறானா?"

"பேசறாருங்க."

"என்ன பேசறான்?"

அவள் யோசித்தாள். "மழையைப் பத்திங்கப்பா."

லிங்கப்பன் அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. "ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டு வா. பாக்கலாம்" என்றார்.

கொள்ளேகாலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அவன் சன்னல் போடும் கட்டடங்களுக்கு அவள் போவதில்லை. வேறு கட்டடங்களுக்கு மழை பெய்ய வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியும் திறந்தார்கள்.

சில வருடம் கழித்து ஒரு ஜூலை மாதம், மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்து காற்றோடு பெய்த ஒரு நாளில், இருவரும் தொப்பலாக நனைந்து அந்த மூன்றாவது மாடிக்குப் போனார்கள். சோனியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. குழந்தை தொட்டிலில் தூங்கியது. மெல்லிய பால் வாசனை. வினிதா பழக்கத்தில் சன்னலோரச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் காய்ந்து, உடம்புச் சூட்டில் இருந்தது.

சோனியா பாதி விழித்து அவர்களைப் பார்த்தாள். இருவர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் எங்க போய் நனைஞ்சீங்க?" என்று கேட்டாள். "வெளிய மழையா பேயுது?"

தருண்குமார் போய்த் திரையை விலக்கினான்.