அண்ணன் முதுகில் அண்ணாச்சி

அண்ணன் வேலப்பன் தன் முதுகில் ஆளை ஏற்றி மிதிக்க விடப்போகிறாராம். துபாயில் என்னோடு அறையில் இருக்கும் பாரிக்கு, அவன் அம்மா ஊரிலிருந்து சொன்ன செய்தி. அண்ணனுடையது துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முதுகு. இடுப்பில் முதுகெலும்புத் தட்டு நழுவி மூன்று வருடமாகிறது. இன்னும் நழுவினால் கால் விளங்காது என்று டாக்டர் ஆங்கிலத்தில் எழுதி எச்சரித்ததை நான் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அனுப்பியிருந்தேன்.

கொருக்குப்பேட்டைக்குப் போன் போட்டேன்.

“இன்னாண்ணா இது?”

“கால் முன்னால பொறந்தவங்க மிதிச்சா வலி பூடும் நைனா. சின்ன வயசுல நீதானே மிதிப்ப?”

“அது சுளுக்குக்கு! அப்ப எனக்கு ஆறு வயசு!”

“நீ துபாய்க்குப் பூட்ட. மளிகைக் கடை டென்னிஸ் அண்ணாச்சியும் அப்டி பொறந்தவருதான்.”

“அவர் இன்னா வெயிட்டுண்ணா?”

“தொண்ணூறு இருக்கும். தோ, வந்துட்டாரு. நான் குப்புறப் படுக்கணும், அப்பால பேசறேன்.”

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடியும் போட்டேன். குப்புறப் படுத்தவர் எடுக்க முடியாதுதான். மேலே நிற்கும் அண்ணாச்சியாவது இறங்கி வந்து எடுக்கக்கூடாதா? மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.