கீழத்தெரு பூத்தில் ஓர் ஓட்டு

ஓட்டு எண்ணி முடிந்ததும் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மாலைக்குக் கழுத்தை நீட்ட மாட்டார். முதலில் என் பக்கம் கையை நீட்டுவார். நான் பூத் வாரியாக எழுதி வைத்திருக்கும் தாளை அந்தக் கையில் கொடுக்க வேண்டும். மண்டபத்து வாசலில் மேளக்காரர்கள் காத்திருப்பார்கள், வெடி கொளுத்த ஒருவன் ஊதுவத்தியோடு நிற்பான். அவரோ மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படிப்பார். படித்து, நீளவாக்கில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மாலைக்குக் குனிவார். ஜெயித்த மனிதருக்கு இந்தத் தாள் எதற்கு என்று எனக்குப் பல வருஷம் தோன்றவே இல்லை. தட்டச்சுக்காரனுக்கு எழுத்துப் பிழைதான் கண்ணில் படும்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். சொந்தம் எதுவும் கிடையாது. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், கீழத்தெருவில் அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்த நாங்கள் இருந்தோம். கீழத்தெருவிலிருந்து சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, கும்பகோணம் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு வந்த முதல் ஆள் நான். மனு அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் வாடகை சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மேடை ஏறிக்கொண்டிருந்த கட்சிக்காரர். அவர் பேசினால் கதிர் அறுக்கிறவர்கள் கூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

முதல் தேர்தலில் அவர் தோற்றார். அப்போது ஊருக்கே ஒரு பூத், அதுவும் மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில். ஓட்டுப் போடப் போகிற வழியில், ஊர் நிலத்தில் பாதியை வைத்திருந்த மேலத்தெரு மிராசுதாரின் ஆட்கள் காலையிலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என்னப்பா, ஓட்டுக்கா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்த பெஞ்சைப் பார்த்ததும் வயலில் வேலை இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. அண்ணன் கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார். மறுநாள் எங்கள் தெருவுக்கு வந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "ஒங்க தெருவுலயே ஒரு பூத்து வாங்கித் தர்றேன். அந்த பெஞ்ச இனிமே நீங்க தாண்டவே வேண்டாம்" என்றார். தோற்றவர் வந்து எங்களுக்கு ஆறுதல் சொல்கிறாரே என்று பெண்கள் அழுதுவிட்டார்கள். நானும்தான்.

சொன்னதைச் செய்தார். அந்த மனுவை எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நாள் கணக்கில் நின்றார். அடுத்த தேர்தலில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்கென்று தனி பூத் வந்தது. வேறு தெருக்காரர் ஓட்டு ஒன்றுகூட அந்தப் பெட்டியில் விழாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அண்ணன் ஜெயித்தார். சட்டசபையில் குத்தகை விவசாயிகளுக்காக அவர் பேசிய பேச்சைப் பத்திரிகையில் வெட்டி எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினோம். என் தாய்மாமன் மிராசுதாரின் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குச் சாகுபடி செய்துவந்தார். அவரையும் சேர்த்து தெருவில் அப்படிப் பன்னிரண்டு குடும்பம். எழுத்தில் எதுவும் கிடையாது. குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் யாரும் கிளப்ப முடியாது. ஏறாதவரை மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் போய்விடும். ஏற்றித் தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். வருஷா வருஷம் நிலக் கணக்கு பார்க்கும் ஜமாபந்திக்கு மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய்வந்து, "அடுத்த வருஷம் ஆயிடும் மாப்ள, அண்ணன் சொல்லியிருக்காரு" என்பார்.

ஆகவில்லை. மூன்றாவது தேர்தலுக்கு முன்னால் மிராசுதார் கட்சியில் சேர்ந்துவிட்டார். அண்ணன் அவருடைய ஜீப்பில் ஏறி எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்க வந்தார். வழக்கம்போலப் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள், பொட்டு வைத்தார்கள், ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டை மட்டும் எதிர்க்கட்சிக்குக் குத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெட்டிகளைக் கலக்காமல் பூத் பூத்தாகத்தான் எண்ணினார்கள். அண்ணனின் ஏஜெண்டாக நான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பெட்டியைக் கொட்டியபோது எதிர்க்கட்சிச் சீட்டுதான் குவிந்தது. என் புத்தி போன போக்கைப் பாருங்கள். ஓட்டு குறைந்த பூத்துக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது என் பழக்கம். எங்கள் தெருவுக்கும் போட்டேன். சொற்ப ஓட்டில் ஜெயித்து வெளியே வந்து அண்ணன் கையை நீட்டினார், கொடுத்தேன். பக்கத்தில் மிராசுதார் நின்றார். "அண்ணே, கீழத்தெருவுலதான் ரொம்பக் கொறச்சல்" என்று நானே வாயால் விளக்கமும் சொன்னேன். ஏதோ மழைக் கணக்குச் சொல்வதுபோல!

அண்ணன் கோபப்படவில்லை. "பரவால்ல தம்பி, தெரிஞ்சுக்கிட்டது நல்லது" என்றார். மிராசுதார் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம், ஒரு காலையில் டிராக்டர் வந்து ஏழு குடும்பத்தின் நாற்றங்காலை உழுதுவிட்டுப் போனது. போலீஸ் வேன் வரப்போரம் நின்றது. எந்தப் பதிவேட்டிலும் அந்த ஏழு பேர் இல்லை. மாமாவுடையதையும் சேர்த்து ஐந்து குடும்பத்தின் நிலம் தப்பியது. மாமா நிலம் தப்பியது என்னால்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மற்ற ஏழு பேருடையது போனதும் என்னால்தான் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் போய்க் கேட்டேன். "நான் என்னப்பா பண்றது, அவரு நிலம், அவரு டிராக்டர்" என்றார். அன்று மாலையே எங்கள் தெருப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க நாலு இடத்துக்குப் போன் செய்தார். அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம்தான். முடியவில்லை.

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது காரணம், பயம் என்பது அதைவிடப் பெரிய காரணம். நான்காவது தேர்தல் வந்தபோது மிராசுதாரின் காரியக்காரர் தெருவில் வீடு வீடாக நின்று, "பாத்துப் போடுங்க. பெட்டி சொல்லிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். தெரு பள்ளிக்கூடத்தில் கூடியது. எல்லோரும் அண்ணனுக்கே போட்டுவிடுவது, மிச்சமிருக்கிற ஐந்து குடும்பத்தின் நிலமாவது பிழைக்கட்டும் என்று முடிவாயிற்று. நானும் தலையாட்டினேன். ஓட்டு நாளன்று தட்டிக்குப் பின்னால் முத்திரையைக் கையில் எடுத்தேன். உழுத நாற்றங்காலில் பச்சை நாற்று மண்ணோடு புரண்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. எதிர்க்கட்சிச் சின்னத்தில் குத்திவிட்டேன். என்னைப்போல் பத்துப் பேராவது குத்தியிருப்பார்கள், அந்தப் பத்தில் நானும் மறைந்துவிடுவேன் என்று நினைத்தேன். காலமெல்லாம் பூத் கணக்கு எழுதியவன் நான், எனக்கு வந்த புத்தி அது.

எங்கள் பெட்டியைப் பிரித்தார்கள். எதிர்க்கட்சிக்கு ஒரே ஒரு சீட்டு.

எழுதாமல் விட முடியாது, பக்கத்தில் மற்ற ஏஜெண்டுகளும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதினேன். அண்ணன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார், அமைச்சர் ஆகலாம் என்ற பேச்சுக்கூட அடிபட்டது. ஆனாலும் தாளை வாங்கிப் படித்தார். எங்கள் தெருவில் விரலை நிறுத்தி, "இது யாரு தம்பி, இந்த ஒருத்தன்?" என்று கேட்டார். தெரியலண்ணே என்றேன். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அவருக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை, அதுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

மூன்றாம் நாள் காலை நன்றி சொல்ல ஜீப்பில் வந்தார். மிராசுதார் முன் சீட்டிலிருந்து இறங்கவில்லை. ஆரத்தி முடிந்ததும் அண்ணன் மைக் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டு மனிதர்களிடம் பேசுவதுபோலப் பேசினார். "எல்லாரும் எனக்குப் போட்டிருக்கீங்க. ஒருத்தருக்கு மட்டும் எம்மேல வருத்தம்போல. யாருன்னு சொன்னா நேர்லயே மன்னிப்புக் கேட்டுக்குவேன்." நிலம் பிழைத்த ஐந்து வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை ஒன்றாக நாற்றுப் பறித்தவர்கள், அந்தப் பார்வையை இதற்கு முன் நான் கண்டதில்லை. இரண்டு பெண்கள் அழத் தொடங்கினார்கள். நான் ஜீப்புக்குப் பக்கத்தில், அண்ணனின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

மாமா முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நாந்தாங்க" என்றார். "கண்ணு மசமசன்னு இருந்துச்சு. சின்னம் தெரியாம மாத்திக் குத்திப்புட்டேன். தெருவ ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். "அதனால என்னங்க பெரியவரே" என்றார். பிறகு ஜீப்பைப் பார்த்துத் திரும்பி, மிகவும் வருத்தத்தோடு, "பாவம், கண்ணு தெரியாதவரப் போயி வயல்ல கஷ்டப்படுத்திக்கிட்டு இருக்கோம்" என்றார். மிராசுதார் தலையை ஆட்டினார்.

அண்ணன் அதற்குப் பிறகும் ஜெயித்தார், ஒருமுறை தோற்றார், மறுபடி ஜெயித்தார். செத்தபோது தாலுகா முழுக்கக் கடை அடைத்தார்கள். இப்போது மிஷினில் ஓட்டு. எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே பார்க்கலாமாம். போன தேர்தல் முடிந்ததும் என் மகள் ஆசையாகத் தேடி எடுத்து, "அப்பா, நம்ம தெரு" என்று நீட்டினாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்ல விஷயம்தானே என்று அவள் கேட்கிறாள். அவளிடம் இதை நான் சொன்னதில்லை.

மாமா அந்த நான்காவது தேர்தல் வருஷத்து அறுவடையோடு மூன்று மாவையும் மிராசுதாரிடம் விட்டார். ஒப்படைத்த அன்று மதியம் நான் அவரைத் தேடிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனையோ சொல்ல நினைத்துப் போனவன், "மாமா" என்பதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏன் மாப்ள, கோட்டுல படாம ஒழுங்காக் குத்துனியா? செல்லுற ஓட்டுதானே?"

"செல்லும் மாமா. எண்ணுனாங்க."

"அப்பச் சரி" என்று அரிவாளைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.